அபாய நிவர்த்தி மார்க்கம்

"மனித சமுதாயத்தின் சரித்திரத்திலே பொன்னெழுத்துகளால் பொறிக்கத்தக்க தினங்கள் மூன்று. மனிதன் முதன்முதலாக நெருப்பு மூட்டிய தினம். சக்கரத்தை உருட்டிய தினம். பினாங்கு டத்தோ கிராமட் சாலையிலே துரியான் மரமொன்று இயந்திர ரம்பத்தால் அறுபட்டு வீழ்ந்த தினம்."

மூன்றாவது தினம் வருவதற்கு இரண்டு வாரம் முன்னதாகவே சூசைமாணிக்கம் இந்த வாக்கியத்தை எழுதி முடித்துவிட்டார். அந்தச் சமயத்தில் சரித்திரப் புகழ்பெறவிருந்த இயந்திரம், பீச் தெருவில் ஹார்டிங் கம்பெனியின் சரக்குக் கிட்டங்கியில் ஒரு பெட்டிக்குள் கிடந்தது. ஜெர்மனியிலிருந்து கப்பலேறி வந்து ஒரு வருஷம் ஆகியும் ஒரு முருங்கைக் கிளையைக்கூட அது அறுத்ததில்லை. கிட்டங்கி ஆட்கள் அதன் பெட்டிமேல் உட்கார்ந்து மத்தியானச் சோறு சாப்பிட்டு வந்தார்கள். உட்காருவதற்கு வசதியான உயரம் என்று அதற்குள் அதற்கு நல்ல பெயர் கிடைத்திருந்தது.

சூசைமாணிக்கம் அந்தக் கம்பெனியில் இயந்திரப் பிரிவின் தலைமைக் குமாஸ்தா. பிரிவில் வேறு குமாஸ்தா கிடையாது. ரப்பர் விலை விழுந்த பிறகு ஒவ்வொருவராக வீட்டுக்கு அனுப்பப்பட்டு, கடைசியில் தலை மட்டும் மிஞ்சியிருந்தது. அந்தத் தலைக்கும் போன மாதம் துரை நாள் குறித்துவிட்டார்.

"மிஸ்டர் மாணிக்கம், தீபாவளிக்குப் பிறகு இந்தக் கிட்டங்கியில் இரண்டில் ஒன்றுதான் இருக்கும். அந்த மிஷின் போக வேண்டும். இல்லையென்றால் நீர் போக வேண்டும்."

துரை நல்லவர். இதைச் சொல்லும்போது சுருட்டை வாயிலிருந்து எடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

வேலை போனவர்களை அந்த வருஷங்களில் ஊருக்குக் கப்பலேற்றிக்கொண்டிருந்தார்கள். சூசைமாணிக்கத்துக்குப் பினாங்குதான் ஊர். நாகப்பட்டினம் எந்தத் திசையில் இருக்கிறது என்று கேட்டால் கடலைக் காட்டுவார்; அதுவும் தப்பான கடலாக இருக்கும். ஆகவே மிஷின்தான் போக வேண்டும் என்று அவர் தீர்மானித்தார்.

வாங்கக்கூடிய ஆள் தீவில் ஒருவர்தான் இருந்தார். ஜெலுத்தோங்கில் மரவாடி வைத்திருந்த சீன முதலாளி, லிம் தவுக்கே. வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி இல்லாமல் அவர் வெளியே காலெடுத்து வைக்க மாட்டார். பணக்காரப் பகட்டு என்று சூசைமாணிக்கம் மனதுக்குள் சிரித்துக்கொண்டார். "மரம் விழட்டும், பார்க்கிறேன்" என்று மட்டும் தவுக்கே பஸார் மலாயில் சொல்லி அனுப்பினார்.

விழுவதற்கு ஒரு மரம் வேண்டும் அல்லவா? அது பினாங்குத் தமிழர் ஐக்கிய அபிவிருத்தி சங்கத்திடம் இருந்தது. சங்கத்துத் திடலின் நடுவில் பட்டுப்போன துரியான் மரம் ஒன்று, இலையில்லாமல், நெடுநெடுவென்று நின்றது. அந்த இடத்தில் பேட்மின்டன் ஆட ஒரு திடல் போட வேண்டும் என்பது சங்கத்தின் நெடுநாள் கனவு. ஒன்றுக்கு ஒன்று சரியாகப் போயிற்று. சங்கம் மரத்தைக் கொடுக்கும், சூசைமாணிக்கம் இலவசமாக அறுப்பார், தவுக்கே பார்ப்பார்.

பெட்டியோடு வந்திருந்த விளக்கப் புத்தகத்தைச் சூசைமாணிக்கம் ஞானோபதேசம் படிப்பது போலப் படித்தார். கிட்டங்கிக் கொல்லையில் கிடந்த பழைய உத்தரங்களைத் தம் மைத்துனன் ஆர்தருடன் சேர்ந்து அறுத்துப் பழகினார். இரண்டு ஆள் பிடிக்கும் ரம்பம் அது. சைக்கிள் சங்கிலி போல ஒரு சங்கிலி, அதில் பல், அதை ஓட்ட பெட்ரோல் இயந்திரம். இயந்திரம் இருக்கும் பக்கம் ஒருவர், மறு நுனியில் ஒருவர். தூக்குவதற்கு நாலு ஆள், அதன் சத்தத்தைக் கேட்டு ஓடுவதற்கு எத்தனை பேர் வேண்டுமானாலும்.

இதில் அவருக்கு ஒன்று நன்றாகப் புரிந்தது. மரம் அறுப்பது பெரிய காரியமே இல்லை. அறுத்த பிறகு உயிரோடு இருப்பதுதான் காரியம். எந்தப் பக்கம் விழ வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஆப்பு வடிவத்தில் வாய் வெட்ட வேண்டும். பிறகு எதிர்ப்பக்கம் அறுக்க வேண்டும். முழுக்க அறுத்துவிடக் கூடாது; கதவுக்குக் கீல் மாதிரி நடுவில் கொஞ்சம் மரத்தை விட வேண்டும், அதுதான் மரத்தை வழி நடத்தும். ரம்பத்தைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. தொளதொளவென்று எதையும் உடுத்தக் கூடாது. மரத்தின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு தூரத்துக்கு ஒரு ஜீவன் நிற்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, அறுப்பவர்கள் மரம் சாயும்போது விலகிப் போவதற்கு, பின்பக்கமாகக் கோணலாக இரண்டு வழிகளை முன்கூட்டியே துப்புரவாக்கி வைக்க வேண்டும்.

வீட்டில் இந்த விதிகள் அவர் மனைவி அமலம்மாளுக்கும் பாடமாகிவிட்டன.

"கத்தியத் தோளுக்கு மேல தூக்காத, அமலம்."

"பூசணிக்கா அலமாரி மேல இருக்குங்க. எடுக்கத்தான் கைய தூக்கினேன். அதையும் மிஷின வச்சு இறக்கிடலாமா?"

இவ்வளவு தெளிவாகப் புரிந்த விஷயத்தை அவர் சங்கத்தின் செயற்குழுவுக்குத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் செயற்குழு என்றால் மேஜை உண்டு, மேஜைமேல் விரிப்பு உண்டு, விரிப்பைக் கண்டால் சூசைமாணிக்கத்துக்குத் தமிழ் வேறு மாதிரி வரும். எழுந்து நின்று, கோட்டை இழுத்து விட்டுக்கொண்டு வாசித்தார்:

"மரச்சாய்வுத் திசைக்கு மாறுபட்ட பாரிசத்திலே, வக்கிர கதியாக, அபாய நிவர்த்தி மார்க்கங்கள் இரண்டு அவசியம் ஏற்படுத்தப்படுதல் வேண்டும். அம்மார்க்கங்கள் சர்வ காலமும் நிர்ஜனமாய் விளங்குதல் வேண்டும்!"

கைதட்டல் மேஜையை அதிர வைத்தது. சங்கத் தலைவர் கார்த்திகேசு, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்ன மாதிரியான தமிழ் காணும்! கேட்டுக்கொண்டே இருக்கலாம் போல கிடக்கு."

கேட்டார்கள், அவ்வளவுதான். என்ன அர்த்தம் என்று ஒருவரும் கேட்கவில்லை. கை தட்டியவர்களுக்கெல்லாம் விஷயம் புரிந்துவிட்டது என்று சூசைமாணிக்கம் நம்பினார். மேடையேறிய யாருக்கும் வரக்கூடிய நம்பிக்கைதான்.

சனிக்கிழமை அவரும் ஆர்தரும் திடலுக்குப் போய் இரண்டு வழிகளையும் தயார் செய்தார்கள். லாலான் புல்லை வெட்டி, வேரைத் தோண்டி, கல் பொறுக்கி, பெருக்கி, செம்மண் தூவினார்கள். ஆர்தர் கால்பந்தாட்டக்காரன், கோடு போடுவதில் கைதேர்ந்தவன். வழியின் இரு ஓரமும் சுண்ணாம்பு அடித்த கற்களை வரிசையாக அடுக்கினான்.

"எப்படி அத்தான்? இனிமே கண்ணு தெரியாதவன்கூட இதுல வந்து நிக்க மாட்டான் லா."

பார்க்க மிக அழகாக இருந்தது. கவர்னர் வந்து இறங்கினாலும் அந்த வழியில் கூசாமல் நடக்கலாம். அதில்தான் சனி பிடித்திருந்தது.

அன்று சாயந்திரம் அமலம்மாள் தையல் மிஷினை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தொளதொளவென்று எதுவும் கூடாது என்ற விதி அவளுக்கு மனப்பாடம். அவருடைய வெள்ளை டிரில் காற்சட்டையை இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தாள். சட்டைக் கையை மணிக்கட்டோடு ஒட்ட வைத்தாள். அவர் போட்டுப் பார்த்தார்.

"மூச்சு விட முடியுதா?" என்றாள்.

"முடியுது."

"அது போதும். ரொம்ப அடிக்கடி விடாதீங்க."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, அமலம்மாளும் கூட வர, லாரியில் மிஷினோடு திடலுக்கு வந்து சேர்ந்தபோது, சூசைமாணிக்கம் முதலில் கண்டது ஒரு சோபா.

செந்நிற வெல்வெட் போட்ட சோபா. கால்கள் சிங்கப் பாதம். சங்கத்துக் கூடத்திலிருந்து ஆறு பேர் தூக்கி வந்திருந்தார்கள். அவர் பெருக்கிச் செம்மண் தூவிய வழியில் ஜமுக்காளம் விரித்து, அதன்மேல் சோபா போட்டு, சோபாவில் தலைவர் கார்த்திகேசு கோட்டும் தலைப்பாகையுமாக வீற்றிருந்தார். அவருக்குப் பின்னால் உபதலைவர்கள் பதவி வாரியாக நாற்காலிகளில் இருந்தார்கள். மற்ற வழியில் சர்பத்து மேஜை. சுண்ணாம்புக் கல் ஒவ்வொன்றின் பக்கத்திலும் யாரோ ஒரு பூச்சட்டி வைத்திருந்தார்கள்.

"ஐயா..." என்று ஓடினார் சூசைமாணிக்கம். ஓடும்போதே தம் காற்சட்டை ஓட்டத்துக்குத் தைக்கப்பட்டதல்ல என்று தெரிந்து நடந்தார். "ஐயா, இது... நீங்க இங்க உக்காரக் கூடாது."

"ஏன்?"

"இது நாங்க ஓடறதுக்குப் போட்ட வழிங்க."

கார்த்திகேசு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஓடுறதுக்கோ? நீர் மரத்தைத்தானே வெட்ட வந்தனீர்? ஓடுறவன் எதுக்குக் காணும் சுண்ணாம்பு அடிக்கிறான்?"

சொல்ல வேண்டியதையெல்லாம் சூசைமாணிக்கம் போன வாரமே வடமொழியில் சொல்லிவிட்டார்.

"தலைவரை எழுப்பிப் போட்டு வேற இடத்தில இருத்துறது எண்டால் அது சங்கத்துக்கு மரியாதை இல்லை, தம்பி. நான் முப்பது வருசம் ரயிலுக்குப் பக்கத்தில நிண்டவன். நீர் பயப்படாதேயும். நான் பச்சைக் கொடி காட்டின பிறகு மரம் விழட்டும்."

நிஜமாகவே மடியில் பச்சைக் கொடி வைத்திருந்தார். ஓய்வு பெற்றபோது ரயில்வேயிலிருந்து அதைக் கையோடு கொண்டுவந்துவிட்டார் என்று ஊரில் பேச்சு.

வாசலில் லிம் தவுக்கேயின் கார் வந்து நின்றது. தவுக்கே இறங்கி, கைத்தடியை ஊன்றி, வேலி ஓரமாகவே தங்கி நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தக் கடிகாரத்தின் ஒவ்வொரு அசைவும் சூசைமாணிக்கத்துக்கு நெஞ்சில் கேட்டது. சரி, முதலில் முன்பக்கத்து வாயை மட்டும் வெட்டுவோம், வாய் வெட்டினால் மரம் விழாது, அதற்குள் இவர்கள் தாமாகவே எழுந்துவிடுவார்கள் என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். நல்லவர்கள் தப்புச் செய்யும்போது இப்படித்தான் தவணை முறையில் செய்கிறார்கள்.

கயிற்றைச் சுண்டியதும் இயந்திரம் உறுமியது. கூட்டம் ஓர் அடி பின்வாங்கியது, பிறகு வெட்கப்பட்டு இரண்டு அடி முன்னால் வந்தது. மரத்தூள் மஞ்சள் மாவாகப் பறந்தது. வாய் வெட்டாகி, ஆப்புத் துண்டு கழன்று விழுந்தபோது எழுந்த கரகோஷத்தில் ஓர் உபதலைவர் ரோஜா மாலையோடு பாய்ந்து வந்தார். மாலை சூசைமாணிக்கத்துக்கு அல்ல, மிஷினுக்கு. புது மிஷினுக்கு மாலை போடாமல் வேலை தொடங்கியது அவர் மனதை உறுத்தியிருக்க வேண்டும். ஓடும் சங்கிலியை நோக்கி அவர் மாலையை நீட்டியதைப் பார்த்து, சூசைமாணிக்கம் சாவியைத் திருகி இயந்திரத்தை நிறுத்தினார்.

"அண்ணே, கையும் சேர்த்துப் போயிடும்ணே!"

"மங்கள காரியத்துல இப்படியெல்லாம் பேசாதீங்க" என்று அந்த மனிதர் வருத்தப்பட்டார். மாலையை ஆர்தர் வாங்கி மரக்கிளை ஒன்றில் தொங்கவிட்டான்.

பிறகு பின்பக்கத்து அறுப்பு. வேலை சுலபமாக நடந்தது. பட்ட மரம் வெண்ணெயாக வழி விட்டது. பாதி தாண்டியதும் மரத்துக்குள் ஓர் ஓசை கேட்டது, வயசானவர் நாற்காலியிலிருந்து எழுந்திருக்கும்போது முழங்கால் போடும் ஓசை. புத்தகத்தின்படி இந்த இடத்தில் ஒருமுறை பின்னால் திரும்பி வழியைப் பார்க்க வேண்டும். சூசைமாணிக்கம் திரும்பினார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. கார்த்திகேசு சோபாவின் விளிம்புக்கு வந்து, உற்சாகத்தில் பச்சைக் கொடியை உயர்த்திப் பிடித்திருந்தார். அவர் தலைக்கு நேர் மேலே, வானத்தில், துரியான் மரத்தின் காய்ந்த உச்சிக்கிளை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது.

சூசைமாணிக்கம் இயந்திரத்தை நிறுத்தினார்.

சத்தம் நின்றதும், "அவ்வளவுதானா?" என்று யாரோ கேட்டது நன்றாகக் கேட்டது.

"அத்தான்," ஆர்தர் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தான், "இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. போட்டுடுங்க. தவுக்கே பார்க்கறார்."

"அவங்க உக்காந்திருக்காங்கடா."

"மரம் அந்தப் பக்கந்தானே விழப்போவுது!"

"மரம் விழும். மேல இருக்கறது எந்தப் பக்கம் விழும்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது."

"மிஷின் பழுது!" என்று கார்த்திகேசு கூட்டத்துக்கு அறிவித்தார். வண்டி தாமதம் என்று அறிவித்துப் பழகிய குரல். "ஜெர்மன்காரன்ட சாமான்! நான் அப்பவே சொன்னனான்."

அவர் அப்போது அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கூட்டம் தலையாட்டியது. வேலி ஓரத்தில் லிம் தவுக்கே கைத்தடியைத் திருப்பி, காரை நோக்கி நடக்கத் தொடங்கினார். மெதுவாகத்தான் நடந்தார். சூசைமாணிக்கத்தின் உத்தியோகம், வீட்டு வாடகை, அமலம்மாளின் தையல் மிஷின், எல்லாம் வெள்ளிப்பூண் போட்ட தடியை ஊன்றிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கயிற்றை ஒரு சுண்டு சுண்டினால் போதும், திரும்பி வந்துவிடும். அவர் கை கயிற்றுக்குப் போகவும் போயிற்று.

கயிற்றைப் பிடித்தார். சுண்டவில்லை.

"எல்லாரும் எந்திரிங்க!" என்று கத்தினார். வடமொழி போன இடம் தெரியவில்லை. "செத்துப் போயிடுவீங்க! எந்திரிச்சுப் போங்க!"

"எழும்ப மாட்டன்" என்றார் கார்த்திகேசு. உபதலைவர்களும் எழவில்லை. தலைவர் இருக்கையில் இவர்கள் எழுந்தால் நாளைக்குப் பேச்சு வரும். காற்று லேசாக வீசியது. அரை வெட்டில் நின்ற மரம் மறுபடி அந்த முழங்கால் ஓசையைப் போட்டது.

அப்போது சூசைமாணிக்கத்தின் கண்ணில் வாசல் பக்கம் ஒரு கறுப்புத் துணி பட்டது. கப்பித்தான் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த முகம்மது, மரத்திலிருந்து வெகு தொலைவில், முக்காலியில் கேமராப் பெட்டியை ஏற்றி வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். மரம் விழுவதைப் படம் எடுக்க ஹார்டிங் கம்பெனி அமர்த்திய ஆள்.

சூசைமாணிக்கம் இரண்டு கைகளையும் வாயருகே குவித்தார்.

"குரூப் போட்டோ! சங்கத்துக் குரூப் போட்டோ! முகம்மது பாய் ரெடியா இருக்கார்! நாற்காலி முன்வரிசைக்கு மட்டுந்தான்!"

அபாயத்துக்கு அசையாத செயற்குழு, இதற்கு ஒரே மூச்சில் எழுந்தது. நாற்காலி வைத்திருந்தவர்கள் நாற்காலியோடு ஓடினார்கள். இல்லாதவர்கள் சர்பத்து மேஜையருகில் கிடந்த முக்காலிகளைப் பறித்துக்கொண்டு ஓடினார்கள். சர்பத்துக் குடங்களை மேஜையோடு தூக்கிக்கொண்டு போனவர்களும் உண்டு. வேடிக்கை பார்க்க வந்த கூட்டமும் அவர்கள் பின்னால் வாசலுக்கு ஓடியது. கண் மூடித் திறப்பதற்குள் அபாய நிவர்த்தி மார்க்கம் இரண்டும் நிர்ஜனமாய் விளங்கின, சோபாவையும் தலைவரையும் தவிர.

"என்ர சோபா!" என்றார் கார்த்திகேசு. "சோபாவைத் தூக்குங்கோ! ஆரங்கே?"

தூக்குகிறவர்கள் ஆறு பேரும் ஏற்கெனவே பின்வரிசையில் இடம் பிடித்திருந்தார்கள்.

"ஐயா," என்றார் சூசைமாணிக்கம், மரத்தைப் பார்த்தபடியே. "மூத்த உபதலைவர் நடுவுல உக்காந்துட்டாரு."

கார்த்திகேசு வாசல் பக்கம் பார்த்தார். உண்மைதான். பச்சைக் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தலைப்பாகையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த வயதுக்கு யாரும் எதிர்பார்க்க முடியாத வேகத்தில் அவர் போனார். போகிற வழியில் காருக்குள் ஏறவிருந்த தவுக்கேயையும் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தம் பக்கத்தில் உட்கார வைத்தார். சங்கத்துப் படத்தில் ஒரு தவுக்கே இருப்பது கௌரவம்.

முகம்மதுவும் தொழில் தெரிந்தவர். மரம் பின்னணியில் விழ வேண்டும் என்று அனைவரையும் மரத்துக்கு முதுகு காட்டி உட்கார வைத்தார்.

இயந்திரம் சூடேறியிருந்ததால் முரண்டு பிடித்தது. ஆர்தர் கயிற்றைச் சுண்டினான். திட்டினான். மறுபடி சுண்டினான். பற்றிக்கொண்டது. சங்கிலி மரத்துக்குள் இறங்கியது. பின்வெட்டில் ஆப்பு அடித்து இறுக்கினார்கள். கீலுக்கு வேண்டிய மரம் மட்டும் மிஞ்சியதும் துரியான் மரம் யோசித்தது. பிறகு, இவ்வளவு காலம் நின்றதே பெரிது என்பது போலச் சாய்ந்தது.

சூசைமாணிக்கம் இயந்திரத்தை நிறுத்தி, போட்டது போட்டபடி விட்டுவிட்டுத் திரும்பினார். "நடந்து செல்லவும், ஓட வேண்டாம்" என்கிறது புத்தகம். எழுதியவன் மரத்தடியில் நின்று எழுதியிருக்க மாட்டான். ஆர்தர் சர்பத்து வழியில் பறந்தான். சூசைமாணிக்கம் தம் வழியில் ஓடினார். எதிரே, வழியை அடைத்துக்கொண்டு, செந்நிற வெல்வெட் சோபா. சுற்றிப் போக நேரமில்லை. தாவினார்.

பின்னால் டர்ரென்று ஒரு சத்தம் கேட்டது. மரத்தின் சத்தம் என்று நினைத்துக்கொண்டு இன்னும் வேகமாக ஓடினார்.

வாசலை நோக்கிப் போன வழியின் முடிவில் நின்று, மரத்தின் பக்கம் திரும்பி, முழங்கால்களில் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கியபடி பார்த்தார். மரம் அவர் வாய் வெட்டிய திசையில், திடலின் ஆளில்லாத சேற்றுப் பக்கமாக, பிசகாமல் விழுந்தது. பூமி அதிர்ந்தது. ஆனால் உச்சியிலிருந்த காய்ந்த கிளை மரத்தோடு போகவில்லை. நடுவானத்தில் முறிந்து, பின்பக்கமாகச் சுழன்று வந்து, சோபாவின் சரி நடுவில் இறங்கியது. சிங்கப் பாதங்கள் நாலும் நாலு திசையில் போயின. மரக்கிளையில் தொங்கிய ரோஜா மாலை எங்கிருந்தோ வந்து வெல்வெட்டின்மேல் விழுந்தது.

எல்லாரும் சேர்ந்து பேசினார்கள்.

அமலம்மாள்தான் முதலில் ஓடி வந்தாள். வந்தவள் அவர் முதுகோடு ஒட்டி நின்றுகொண்டு, முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டாள். பொது இடத்தில் அவள் அப்படி நின்றதே கிடையாது. பெருமை தாங்கவில்லை போலும் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

லிம் தவுக்கே தடியை ஊன்றி மெதுவாக வந்து சோபாவைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பிறகு சூசைமாணிக்கத்திடம், "சியாப்பா சுரோ பெர்ஹெந்தி?" என்றார். நடுவில் நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்கிறார்.

"சாயா, தவுக்கே. நான்தான்." தலை குனிந்தது. இனி ஒளித்து என்ன?

தவுக்கே தம் காற்சட்டையின் விளிம்பைத் தடியின் நுனியால் சற்றே தூக்கிக் காட்டினார். சப்பாத்துக்கு மேலே சதை இல்லை, வழவழப்பான மரம் இருந்தது. இளம் வயதில் மலைக்காட்டில் மரம் உருட்டியபோது போன கால் என்று, வேறு யாருடைய காலையோ பற்றிப் பேசுவதுபோல் மலாயில் சொன்னார். அன்றைக்கு மேஸ்திரி நிறுத்தவில்லை. முதலாளி பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு, மிஷினை எடுத்துக்கொள்கிறேன், ஆனால் நீயும் கூட வந்து என் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். அறுப்பதற்கு என்னிடம் நிறைய ஆள் உண்டு, நிறுத்துவதற்குத்தான் ஆள் இல்லை என்றும் சொன்னார்.

சூசைமாணிக்கம் பதில் சொல்ல நினைத்தார். மூன்று தினங்கள், பொன்னெழுத்துகள், நெருப்பு, சக்கரம், எல்லாம் மடித்துச் சட்டைப் பையில்தான் இருந்தன. எடுக்கவில்லை. "போலே, தவுக்கே" என்றார். ஆகட்டும் என்று பொருள்.

கூட்டம் கலைந்த பிறகு கார்த்திகேசு தனியாகச் சோபாவின் அருகே நின்றிருந்தார். கக்கத்திலிருந்த பச்சைக் கொடி நடுங்கிக்கொண்டிருந்தது. காற்று அப்போது நின்றுபோயிருந்தது. சூசைமாணிக்கம் பக்கத்தில் போனதும் அவர் கையைப் பிடித்து இறுக்கினார். வெகுநேரம் விடவில்லை.

"படம்," என்றார் கடைசியில், "படம் நல்லாய் விழுந்திருக்கும் என்ன?"

"விழுந்திருக்கும்யா" என்றார் சூசைமாணிக்கம், மனதார.

படம் சங்கத்துக் கூடத்தில் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டது. கீழே இடமிருந்து வலமாக எல்லாருடைய பெயரும் பட்டமும் அச்சாகியிருக்கின்றன. மரம் விழுந்த அதிர்ச்சியில் அத்தனை பேரும் ஒன்றாகத் திரும்பிய கணத்தில் முகம்மதுவும் அதிர்ந்து கேமராவின் ரப்பர்ப் பந்தை அழுத்திவிட்டார். ஆகவே படத்தில் இருப்பவை தலைப்பாகைகளும் பிடரிகளும், அவையும் கலங்கலாக. தலைவருக்கும் மூத்த உபதலைவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில், கொஞ்சம் தள்ளி, வெள்ளைக் காற்சட்டை போட்ட ஒருவர் குனிந்து நிற்கிறார். அன்று திடலில் அசையாமல் நின்றவர் அவர் ஒருவர்தான். அதனால் காற்சட்டையின் பின்பக்கத்துக் கிழிசல் மட்டும் துல்லியமாக விழுந்திருக்கிறது.